எங்கே இருக்கே?

ஃபோனை எடுத்தால் அவர் ஹலோ சொன்னதே கிடையாது. "எங்கே இருக்கே?" என்றுதான் கேட்பார். இதில் வேடிக்கை என்னவென்றால், நான் நாச்சாரத்தில் ஒரு ஐஸ் ஃபேக்டரியில் இருக்கிறேன் என்று தெரிந்து, அந்த ஃபேக்டரியின் நம்பரைச் சுழற்றி, அங்கிருக்கும் கிளார்க்கை விரட்டி, மெஷினுக்கு அடியில் படுத்திருக்கும் என்னை எழுப்பி வரவழைத்த பிறகுதான் இந்தக் கேள்வியைக் கேட்பார். ஒருமுறை எரிச்சல் தாங்காமல், "இங்கேதான் சார் இருக்கேன். நீங்கதானே கூப்பிட்டீங்க" என்றேன்.

"அது எனக்குத் தெரியும். நீ சொல்லு" என்றார்.

குளிர்பதன மெஷின்கள் செய்கிற ஓர் அரசாங்கக் கம்பெனியின் சர்வீஸ் பிரிவில் நான் இன்ஜினியர். டிப்ளமோ முடித்துவிட்டு அரக்கோணத்திலிருந்து வந்தவன். செகந்திராபாத்தில் ஆபீஸ். எங்களுக்கு ஆளுக்கொரு ஸ்கூட்டர், டிக்கியில் ஒரு டூல் பாக்ஸ். காலையில் கிளம்பினால் கோல்ட் ஸ்டோரேஜ், ஹோட்டல், ஆஸ்பத்திரி என்று ஊர் முழுக்கச் சுற்றவேண்டும். யார் எங்கே போகவேண்டும் என்று சொல்கிற நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். பதவியின் பெயர் சர்வீஸ் கண்ட்ரோலர். நாங்கள் கண்ட்ரோல் சார் என்போம். சொந்தப் பெயர் வேறு இருந்தது. அதை என் கையால் எழுத எனக்கு இஷ்டமில்லை.

அவரை எனக்குப் பிடிக்காது. இப்போதும் பிடிக்காது. என் பையன் பிறந்த அன்று அவர் ஒரு காரியம் செய்தார். அதைத் தெரியாமல் செய்தாரா, தெரிந்தே செய்தாரா என்று தெரிந்துகொள்ளாமல் பல வருஷம் அவருக்குக் கீழே வேலை செய்தேன். தெரியாமல் செய்திருந்தால் மன்னித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

அவர் செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருந்த தமிழ்க் குடும்பம். பேசுகிற தமிழில் தெலுங்கும் தக்கனி உருதுவும் தாராளமாகக் கலந்திருக்கும். ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ, எதற்கு என்பதற்கு கைக்கு. வெள்ளைச் சட்டை, கழுத்தைச் சுற்றிப் பவுடர், காதில் சொருகிய பென்சில். ஃபோனின் டயலுக்கு ஒரு சின்னப் பூட்டுப் போட்டுச் சாவியைச் சட்டைப் பையில் வைத்திருப்பார். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க இரட்டை நகரத்தின் மேப். மேப்பில் ஆணிகள். எங்கள் ஒவ்வொருவருக்கும் பெயர் பொறித்த ஒரு பித்தளை வில்லை. நான் உப்பலுக்குப் போனால் என் வில்லையை உப்பல் ஆணியில் மாட்டுவார். கிளம்பிவிட்டேன் என்று ஃபோன் செய்தால் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். அடுத்த இடத்திலிருந்து ஃபோன் வரும்வரை அது அவர் கையில்தான் இருக்கும். தயிர்சாதம் சாப்பிடும்போது இடது கையில் எங்கள் வில்லைகளை உருட்டிக்கொண்டே சாப்பிடுவார்.

மெஷின் என்ன ஆயிற்று என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. மெஷினைப் பார்த்ததும் இல்லை. எங்கள் தொழிலில் வரும் புகாருக்குக் கால் என்று பெயர். கால் வந்திருக்கிறது, கால் பார்த்தாயிற்று, கால் க்ளோஸ். கல்யாணமாகி வந்த புதிதில் என் மனைவி இதைக் கேட்டுவிட்டு, "எத்தனை கால்தான் உங்களுக்கு?" என்று சிரித்தாள். அவருக்கு வேண்டியது இரண்டே விஷயம்: ஆள் எங்கே, கால் க்ளோஸ் ஆயிற்றா.

நானும் இக்பாலும் ஒரு நாள் நாச்சாரத்தில் வேலையை முடித்துவிட்டுத் தார்நாகாவில் ஓர் இரானி ஹோட்டலில் ஒதுங்கினோம். இக்பால் என் வயதுக்காரன், மல்லேபள்ளிப் பக்கம், என்னை பாய் என்றுதான் கூப்பிடுவான். சாயாவில் பிஸ்கட்டை நனைத்து வாயில் வைக்கவில்லை, கல்லாவில் ஃபோன் அடித்தது. முதலாளி எடுத்துக் கேட்டுவிட்டு, "சர்வீஸ்வாலே கோன் ஹை?" என்று ஹாலைப் பார்த்துக் கத்தினார், சர்வீஸ்காரர் யார் என்று. போய் எடுத்தேன்.

"எங்கே இருக்கே?"

"சார், சாயா..."

"ஆறிடும். குடிச்சிட்டுக் கெளம்பு. உப்பல்லே காத்திருக்காங்க."

நாச்சாரத்திலிருந்து உப்பலுக்கு எவ்வளவு நேரம், வழியில் எந்த ஹோட்டல், அதன் நம்பர் என்ன என்று எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. இக்பால் வெளியே வந்து இருபுறமும் வானத்தையும் பார்த்தான். "ஏ ஆத்மி நக்கோ பாய்" என்றான். இந்த ஆள் நமக்கு வேண்டாம் என்று.

ராவ் என்று ஒரு பையன், புதிதாகச் சேர்ந்தவன், வேலை இன்னும் நிரந்தரம் ஆகாதவன். அவன் அப்பா இறந்துபோனார். லீவு சொல்லப் பக்கத்து வீட்டிலிருந்து ஃபோன் செய்தான். கண்ட்ரோல் சார் இரங்கல் சொல்லவில்லை. "எந்தச் சுடுகாடு?" என்றார். பன்சிலால்பேட்டை என்று அவன் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறான். "அதுக்குப் பக்கத்துலே நம்ம ஐஸ் ஃபேக்டரி ஒண்ணு இருக்கு. காரியம் முடிஞ்சதும் அப்படியே பார்த்துட்டுப் போயிடு." ராவ் போனான். தலை ஈரம் காயாமல் போய் கம்ப்ரஸருக்கு கேஸ் நிரப்பிவிட்டு வந்தான். ஐஸ் ஃபேக்டரி முதலாளிக்கே வெட்கமாக இருந்ததாம். இவர் அந்தக் காலை க்ளோஸ் செய்துவிட்டுப் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டார்.

அவர் எனக்குச் செய்த நல்லதையும் மறைக்கமாட்டேன். ஒரு மழை நாளில் ராமந்தாபூர் பக்கம் ஸ்கூட்டர் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்து கால் முறிந்து கிடந்தேன். ரோட்டில் போகிற யாருக்கும் என்னைத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் இக்பால் வந்து நின்றான். நான் போய்ச்சேர வேண்டிய நேரத்துக்குப் போய்ச்சேரவில்லை என்றதும் கண்ட்ரோல் சாருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. இந்த ரோட்டில், இந்த இரண்டு மைலுக்குள் பார் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர் சொன்ன இடத்தில்தான் நான் கிடந்தேன். அன்று அவர் இல்லையென்றால் நான் இன்று நொண்டியாகியிருப்பேன். ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்து, "எங்கே இருக்கே, எந்த வார்டு?" என்று கேட்டார். அந்த ஒரு தடவை எனக்கு அந்தக் கேள்வி இனித்தது. வேண்டுமென்றால் இந்த மனிதர் யாரை வேண்டுமானாலும் எங்கிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார் என்று தெரிந்துகொண்டதும் அன்றுதான். பின்னால் என்னைத் தூங்கவிடாமல் செய்ததும் அதுவேதான்.

கான்டீனில் அவரை வைத்து ஒரு விளையாட்டு நடக்கும். "சார், போன தசராவுக்கு முந்தின நாள் நான் எங்கே இருந்தேன்?" என்று யாராவது கேட்பார்கள். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வார்: இந்த இடம், இந்த மெஷின், பக்கத்தில் இன்ன கடை. தப்பவே தப்பாது. ஏன் என்று கேட்டால் அவர் வாயிலிருந்து பதிலை வாங்க முடியாது. எங்கே என்று கேட்டுவிட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது.

எண்பதுகளின் நடுவில் கம்ப்யூட்டர் வந்தது. ஊருக்கெல்லாம் ஏஸி போட்டுக்கொடுத்த எங்கள் ஆபீஸில் முதல் ஏஸி அதற்குத்தான் போட்டார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போகவேண்டும். ப்ரோக்ராம் எழுத ஒரு தெலுங்குப் பெண் வந்தார். மாதக்கணக்கில் கண்ட்ரோல் சார் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒருவருக்கு வேலை கொடுக்கும்போது எதையெல்லாம் பார்க்கிறீர்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். ஏரியா என்ன, அந்த மெஷின் தெரிந்தவர் யார், பக்கத்தில் யார் சும்மா இருக்கிறார். இதையெல்லாம் சேர்த்து அந்தப் பெண் எழுதியது நல்ல ப்ரோக்ராம். அதில் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. புகாரைத் தட்டினால் பச்சை எழுத்தில் ஒரு பெயர் வரும். வேண்டியவனுக்குப் பக்கத்து வேலை, வேண்டாதவனுக்கு ஊர்க்கோடியில் பட்டன்செரு என்ற பாரபட்சம் ஒழிந்தது. நாள்கணக்கில் காத்திருந்த ஹோட்டல்காரர்கள் மறுநாளே ஆள் வந்ததைப் பார்த்து அசந்துபோனார்கள்.

அதில் ஒரு விதி இருந்தது. ஒருவர் கையில் முடியாத கால் இருந்தால் அவர் ஓபன். ஓபனில் இருப்பவருக்கு அடுத்த வேலை போகாது. பாதியில் எழுந்து ஓடவேண்டாம், கையில் இருப்பதை ஒழுங்காக முடிக்கட்டும் என்பதற்காக அந்தப் பெண் வைத்தது. நியாயமான விதி. கண்ட்ரோல் சார் அதை இறுகப் பிடித்துக்கொண்டார். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்து, யார் என்ன கேட்டாலும், "அவன் ஓபன்லே இருக்கான், தொடாதே" என்பார். முன்பெல்லாம் அவர் செய்கிற காரியத்துக்கு அவரைத் திட்டலாம். இப்போது, "நான் எங்கேப்பா அனுப்பினேன், சிஸ்டம் அனுப்பிச்சுது" என்று சொல்லிவிடுவார்.

என் மனைவிக்கு அப்போது எட்டு மாதம். முதல் பிரசவம். லாலாகூடா ரயில்வே குவார்ட்டர்ஸில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். இரண்டு நாளாக அவளுக்கு உடம்பு சரியில்லை. அன்று காலை கிளம்பும்போது இவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன்.

"சார், வீட்லேர்ந்து ஃபோன் வந்தாலும் வரலாம். வந்தா உடனே சொல்லுங்க."

"நீ எங்கே இருக்கேன்னு எனக்குத் தெரியாம போயிடுமா? கைக்கு கவலை? போ" என்றார்.

போவன்பள்ளியில் காய்கறி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு உருளைக்கிழங்கு கோல்ட் ஸ்டோரேஜ். அம்மோனியா கசிந்து கண் எரிந்தது. ஈரத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு கம்ப்ரஸரின் சீலைக் கழற்றி மாட்டினேன். சாயங்காலம் முடித்துவிட்டு, காலை க்ளோஸ் பண்ண மேனேஜர் ரூமிலிருந்து ஃபோன் செய்தேன். கண்ட்ரோல் சார் என்னைப் பேசவே விடவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போ. உன் சம்சாரத்தைச் சேர்த்திருக்காங்களாம். இப்பத்தான் இக்பால் ஃபோன் பண்ணான். அவன் அங்கேதான் இருக்கான்."

இக்பால் ஏன் அங்கே இருக்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. ஸ்கூட்டரை எப்படி ஓட்டினேன் என்று நினைவில்லை. பிரசவ வார்டு வாசலில் பெஞ்சில் இக்பால் உட்கார்ந்திருந்தான். காலடியில் டூல் பாக்ஸ். முழங்கையில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தான். என் மாமியார்தான், "இவ்ளோ நேரம் எங்க இருந்தீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அதற்கு முன்னாலும் பின்னாலும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அன்று கேட்டது மாதிரி ஒரு தடவையும் கேட்டதில்லை.

மத்தியானமே ரத்தப்போக்கு வந்து சேர்த்திருக்கிறார்கள். மாமியார் எங்கள் ஆபீஸ் நம்பரைக் கொடுத்து ஆயாவை ஃபோன் செய்யச் சொல்லியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் இக்பால் டூல் பாக்ஸோடு வந்து, எந்த ஏஸி ரிப்பேர் என்று வார்டில் கேட்டிருக்கிறான். புகார் வந்திருக்கிறது என்று அவனை அனுப்பியிருந்தார்கள். மாமியாரைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு விஷயம் புரிந்தது. நான் எங்கே இருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியாது. ஆபீஸ் ஃபோன் சாயங்காலம்வரை கிடைக்கவில்லை. அதற்குள் ரத்தம் வேண்டும் என்றார்கள். இவன் படுத்து ரத்தம் கொடுத்தான். என் மனைவி பிழைத்ததில் அவனுக்கும் பங்கு உண்டு.

பையன் பொழுது சாயும் வரைக்கும்தான் இருந்தான். நான் பார்த்தபோது துணியைச் சுற்றியிருந்தார்கள். உயிரோடு அவனைக் கையில் வாங்கிப் பார்த்த ஆண்பிள்ளை இக்பால் ஒருவன்தான். "ஆங்காங் கோல்கே தேக்கா பாய்" என்றான். கண்ணைத் திறந்து பார்த்தானாம். அதைச் சொல்லிவிட்டு இக்பால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

ஒரு வாரம் கழித்து வேலைக்குப் போனேன். நேராக அவர் மேஜைக்குப் போய், ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்ததா என்று கேட்டேன்.

"வந்துது. லைன்லே கரகரன்னு சத்தம். இன்ஜினியரை ஜல்தி அனுப்புங்கன்னு அந்தப் பொம்பளை சொன்னா. அங்கே நம்ம ஏஸி ரெண்டு இருக்குல்ல? கம்ப்ளைன்ட்னு நெனச்சேன். தட்டினேன். ஏரியா பார்த்து இக்பால் பேர் வந்துது."

"என்னைக் கேட்டாங்களா?"

"லைன் சரியில்லேப்பா. சொன்னேன்ல?"

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஒன்று சொன்னார். "நம்ம ஆள் ஒருத்தன் போயிட்டான்ல? கால் அட்டெண்ட் ஆயிடுச்சு. அதைப் பாரு."

நாற்காலியைத் தூக்கி அந்தத் திரையில் அடித்திருக்கவேண்டும். செய்யவில்லை. இன்ஸ்டால்மென்டில் ஸ்கூட்டர், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மனைவி, வேறு வேலை தெரியாத கை. மாதக் கடைசியில் கால்களின் விவரம் பலகையில் ஒட்டப்பட்டது. அந்த ஆஸ்பத்திரிக் காலும் இருந்தது. கோளாறு என்ன என்று ஏதாவது ஒன்றைத் தட்டாமல் ஒரு காலை அந்த ப்ரோக்ராமில் மூட முடியாது. அவர் தட்டியிருந்தார்: கோளாறு இல்லை.

ஆயாவைத் தேடிப் போய்க் கேட்டேன். தினம் எத்தனையோ ஃபோன், என்ன சொன்னேனோ தெரியவில்லை என்று அவள் அழுதாள். என் பெயரைச் சொல்லித்தான் அனுப்பினேன் என்று மாமியார் சத்தியம் செய்தார். லைன்கள் அப்போது கரகரத்துக்கொண்டுதான் இருந்தன. "தெரியாம பண்ணியிருப்பாரு. விடுங்க. அவரும் பிள்ளைகுட்டிக்காரர்தானே" என்றாள் என் மனைவி. அவளே சொல்லும்போது நான் என்ன செய்யமுடியும்? விடப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் ஃபோனில் அந்தக் குரல், "எங்கே இருக்கே?" என்று கேட்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு இடத்தைச் சொன்னேன். இன்னொரு பிள்ளை பிறந்தது, பெண். அந்தப் பிரசவத்துக்கு முன்னாலேயே லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஒரு மாதம் சம்பளம் இல்லை. இவர் வார்டுக்கே ஃபோன் செய்து நான் இருக்கிறேனா என்று விசாரித்தார்.

அவர் ரிடையர் ஆன அன்று கான்டீனை அலங்கரித்திருந்தார்கள். மைசூர்பாகு, மிக்ஸர், ரோஜா மாலை, பொன்னாடை. மேப்பில் மாட்டியிருந்த பழைய பித்தளை வில்லைகளை ஒரு கண்ணாடிப் பெட்டியில் பதித்துப் பரிசாகக் கொடுத்தார்கள். மாலையும் பவுடருமாக அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். மேனேஜர் எழுந்து, இவருக்கு முன்னால் கம்ப்யூட்டரெல்லாம் பச்சைக் குழந்தை என்று தெலுங்கில் பேசினார். யாரோ பழைய விளையாட்டைக் கிளப்பிவிட்டார்கள். வரிசையாகக் கேள்வி வந்தது. மூசி ஆறு பொங்கின வருஷம் நான் எங்கே இருந்தேன் சார்? என் கல்யாணத்துக்கு முதல் நாள்? ராவ்கூடக் கேட்டான். ஒவ்வொன்றுக்கும் அவர் கண்ணை மூடித் திறந்து சொன்னார். ஒவ்வொரு தடவையும் கைதட்டல்.

நான் எழுந்திருப்பேன் என்று நானே நினைக்கவில்லை. பக்கத்தில் இக்பால் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். நான் உட்காரவில்லை.

"என் பையன் பொறந்த அன்னிக்கு நான் எங்கே சார் இருந்தேன்?"

அவர் கண்ணை மூடினார். திறந்தபோது முகம் முழுக்கப் பெருமை.

"போவன்பள்ளி. மார்க்கெட் பின்னாடி உருளைக்கிழங்கு கோல்ட் ஸ்டோரேஜ். ரெண்டாவது கம்ப்ரஸர், சீல் லீக். மேனேஜர் ரூம்லே ஃபோன் இருந்துது. ஆஸ்பத்திரிலேர்ந்து ரெண்டு வாட்டி உன் பேரைச் சொல்லிக் கேட்டாங்க." கூட்டத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார். "ஹவ். நீ ஓபன்லே இருந்தே."

ஒருவர் கைதட்ட, எல்லோரும் கைதட்டினார்கள். இக்பால் என் சட்டையை விட்டுவிட்டான். அடுத்தது யார் என்று அவர் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.